மிதக்கும் சதுப்பு நிலம்: பச்சையாய் இருந்தால் போதுமா?

செங்காங் ஆற்றோரப் பூங்காவிலிருந்து ஆங்கர்வேல் சமூக மன்றத்துக்கு நடந்து சென்றவர்கள், நீரில் மிதக்கும் ஒரு தோட்டத்தைக் கடந்துதான் போயிருப்பார்கள். 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அது, ஏறத்தாழ அரைக் காற்பந்துத் திடல் அளவு. மறு ஆண்டு பொங்கோல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. முன்பு கடலோடு கலந்த கழிமுகம் இன்று அணைக்குள் இருக்கும் நன்னீர். அங்குள்ள செடிகளுக்கு உப்பும் இல்லை, ஓதமும் இல்லை.

அணையே இல்லாத கழிமுகத்தில் இந்த வேலை எவ்வளவு சிரமம் என்பதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகம் நல்ல எடுத்துக்காட்டு. அந்நகரக் கரையின் இயற்கைச் சதுப்புப் புல்வெளிகள் போய், சுவர்கள் வந்துவிட்டன. அங்குள்ள தேசிய மீன்காட்சியகம் 2010இல் ஒரு சிறு மிதவைப் பாத்தியைச் சோதனைக்கு விட்டது. செடி வளர வளர எடை கூடியது. அடியில் சிப்பிகளும் பிற உயிர்களும் ஒட்டிக்கொண்டன. பாத்தி தாழ்ந்தது! எனவே பின்னர் வந்த மாதிரியில், காற்றை ஏற்றி உயரத்தைச் சரிசெய்யும் மிதவைகளைப் பொருத்தினார்கள். 2024 ஆகஸ்டில் 10,000 சதுர அடியில், 30,000க்கும் மேற்பட்ட புற்களோடும் புதர்களோடும் பெரிய சதுப்பு நிலம் திறக்கப்பட்டது.

செடிகளின் வேர்கள் மண்ணில்லாமல் நீரில் தொங்குகின்றன. வேரில் படியும் வழுவழுப்பான படலத்தில் நுண்ணுயிர்கள் குடியிருந்து, நீரிலுள்ள நைட்ரஜன் சத்தில் ஒரு பகுதியை வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. இன்னொரு பகுதியைச் செடியே உண்கிறது. அந்தச் செடி பட்டுப்போய் நீரிலேயே அழுகினால், உண்டதில் பெரும்பகுதி திரும்ப ஆற்றுக்கே போய்விடும். ஆகவே அறுத்தெடுத்த புல்லை எடை போடுவதும் கண்காணிப்பில் அடக்கம்.

சரி, நீர் தூய்மையானதா என்று எப்படி அறிவது? ஆற்றில் என்றால் மேல்பக்கம் ஒரு குப்பி, கீழ்ப்பக்கம் ஒரு குப்பி நீர் எடுத்து ஒப்பிடலாம். கழிமுகத்தில் அது பலிக்காது. காலையில் கடலை நோக்கிப் போன நீர், ஓதம் ஏறும்போது திரும்பி வருகிறது. உப்பு நீர் கனமானது, அடியில் தங்கும். நன்னீர் மேலே மிதக்கும். ஒரு மழை பெய்தால் ஊரின் அழுக்கெல்லாம் வந்து கணக்கையே மாற்றிவிடும். எனவே பாத்தி இல்லாத இடத்திலும் அதே நேரத்தில், அதே ஆழத்தில் அளக்க வேண்டும். பாத்தியை நிறுவுமுன்பே அளவெடுப்பைத் தொடங்கியிருக்கவும் வேண்டும். இதைச் செய்யாமல் “நீர் சுத்தமாகிவிட்டது” என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

அடுத்தது பிராணவாயு. பிற்பகல் இரண்டு மணிக்கு அளந்தால் மிக நன்றாகவே இருக்கும். வெயிலில் பாசி வாயுவைச் சுரக்கும். விடியுமுன் அளந்து பாருங்கள், மீன் மூச்சுத் திணறும் நேரம் அது. அதனால்தான் இரவும் பகலும் தானே பதியும் கருவிகளை நீரில் வைக்கிறார்கள். அவற்றிலும் சில நாளில் பாசி படியும். துடைக்காவிட்டால் கருவி ஆற்றை அளக்காது, தன்மேல் படிந்த பாசியைத்தான் அளக்கும்.

பால்டிமோருக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. வானிலை குளிரும்போது மேல்நீர் கனத்துக் கீழிறங்க, பிராணவாயு அற்ற அடிநீர் மேலே வருவதுண்டு. கந்தக நுண்ணுயிர்களால் துறைமுகமே பிஸ்தா நிறமாகி நாறும். மீன்கள் செத்து மிதக்கும். கால் ஏக்கருக்கும் குறைவான மிதவையால் அதைத் தடுத்துவிட முடியாது. விலாங்கும் நண்டும் நீர்நாயும் அங்கே வந்து போகின்றன என்பது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அது புகலிடத்துக்குச் சான்று, துறைமுகம் தூய்மையானதற்குச் சான்றாகாது.

“எல்லாம் சரி, கொசு வராதா?” என்பது நம்மவர் முதலில் கேட்கும் கேள்வி. ஓடும் நீரிலும் மீன் மேயும் வேர்களுக்கு இடையிலும் கொசுப்புழு பிழைப்பது கடினம். சந்தேகம் மிதவையின் மேல்பக்கத்தில்தான்: சட்டங்களின் குழிகளிலும் மூடிகளிலும் மழைநீர் தேங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டும்.