மன்னார் மணலும் காரின் பெயின்றும்: கீறல் விழாமல் கழுவுவது எப்படி?

எங்கள் வீட்டுக் காரில் இருக்கும் கீறல்களில் பெரும்பாலானவற்றைப் போட்டது நான்தான். மன்னார் நகரத்துக் கழுதைகள் உரசியதுமில்லை, சந்தைக்குப் பக்கத்தில் யாரோ சைக்கிளைச் சாய்த்ததுமில்லை. தினமும் காலையில் வேலைக்குப் புறப்படுமுன், பொனற்றில் படிந்திருக்கும் தூசியைப் பழைய பெனியன் துண்டொன்றால் அக்கறையோடு துடைத்துவந்தேன். அந்த அக்கறைதான் காரணம்.

அது கடும் நீல நிறக் கார். இன்னொருவர் பாவித்ததை வாங்கி, லீசிங் காசைக் கட்டி முடித்து, ‘இனி இது எங்களுடையது’ என்று நிம்மதியாகப் பார்த்த ஒரு நடுப்பகலில்தான் கவனித்தேன். பொனற்றில் தெரிந்த சூரியனைச் சுற்றிச் சிலந்திவலை போல வளையம் வளையமாக மெல்லிய கோடுகள். பெயின்ற் அடிக்கும் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதற் கேள்வி, “காலமையில துடைக்கிறனீங்களோ?”

அந்தக் கேள்விக்குள் மன்னாரின் மணலும் உப்பும் காற்றும் தண்ணீரும் எல்லாமே இருக்கின்றன என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

கீறல்தானே என்று விடமுடியாதது ஏன்?

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வாகனங்களையே கைமாற்றிக் கைமாற்றி ஓட்டினோம். இறக்குமதி திறந்த பிறகும் வரிகளோடு சேர்த்துப் பார்த்தால் புதிய வாகனம் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத விலைதான்.

அதனால் பேசாலையில் மீன் ஏற்றும் பட்டா வாகனமாக இருந்தாலென்ன, மடுவுக்கு யாத்திரிகர்களைக் கொண்டுபோகும் வானாக இருந்தாலென்ன, நகரத்தில் ஓடும் ஓட்டோவாக இருந்தாலென்ன, அது ஒரு குடும்பத்தின் உழைப்பும் சேமிப்பும். விற்கப் போனால் முதலில் பார்ப்பது பெயின்றைத்தான். பெயின்ற் போன இடத்தில் உப்புக் காற்றுப் பட்டால் அடுத்தது துரு. கடலோரத்தில் துரு தொடங்கிவிட்டால் ரிங்கரிங் வேலைக்குக் கொடுக்கும் காசுக்கு முடிவில்லை.

தலைமயிரைவிட மெல்லிய காவல்

காரின் தகட்டுக்கு மேல் பல பூச்சுகள் இருக்கின்றன. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற ஒரு பூச்சு. இந்தக் கடைசிப் பூச்சைத்தான் ‘கிளியர் கோட்’ என்கிறார்கள். எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் தடிப்பு. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரோன் வரும். மனிதத் தலைமயிர் ஒன்று ஏறத்தாழ 70 மைக்ரோன் தடிப்பு என்று வைத்தால், நம் காரின் மினுக்கம் முழுவதும் நிற்பது ஒரு மயிரைவிட மெல்லிய படலத்தில்.

நாம் காணும் வளையக் கீறல்கள் பெரும்பாலும் இந்தப் படலத்தில் விழுந்தவை. உண்மையில் அவை வட்டமானவையல்ல. எல்லாத் திசைகளிலும் கீறல்கள் கிடக்கின்றன. சூரிய வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் நம் கண்ணுக்கு ஒளியைத் தெறிக்கவிடுவதால் வளையம் போலத் தோன்றுகின்றன.

‘பொலிஷ் பண்ணினால் போய்விடும்’ என்பார்கள். போகும். ஆனால் பொலிஷ் கீறலை நிரப்பி மூடுவதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுக்கிறது. இயந்திரம் வைத்துத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் சில மைக்ரோன்கள் குறையும். தேய்ந்தது திரும்ப வளராது. தேய்ந்து தேய்ந்து மெலிந்த இடத்தில்தான் பின்னர் வெயில் பட்டு வெள்ளை வெள்ளையாக உரிகிறது.

எங்கள் மணலில் என்ன இருக்கிறது?

மன்னார்த் தீவு மணலால் ஆனது. அந்த மணலில் பெரும்பகுதி குவாட்ஸ். கனியங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவாட்ஸுக்கு 7. சாதாரணக் கத்தியின் உருக்கும் கண்ணாடியும் 5.5 அளவில் நிற்கின்றன. கிளியர் கோட்டோ ஒரு வகைப் பிளாஸ்ரிக். உருக்கையே கீறக்கூடிய பொருளை அதன்மேல் வைத்து, துணியால் அழுத்தித் தேய்த்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த மணலுக்குள் கனமான கறுப்பு மணிகளும் கலந்திருக்கின்றன. இல்மனைற், சிர்கோன், கார்னெற் போன்றவை. சிர்கோனின் கடினம் 7.5. கார்னெற்றை எடுத்து உலோகத்தில் பழைய பெயின்றையும் துருவையும் விசிறிச் சுரண்டுவதற்கே உலகம் முழுவதும் பாவிக்கிறார்கள். தமிழ்நாட்டின் தென்கோடிக் கடற்கரையிலிருந்து கார்னெற் மணல் ஏற்றுமதியானதும் இந்தத் தேவைக்குத்தான்.

இல்மனைற்றின் கதை இன்னும் வேடிக்கையானது. அதிலிருந்து எடுக்கப்படும் தைத்தானியம் டைஒக்சைட்டுதான் வெள்ளைப் பெயின்றுக்கு வெண்மை தருவது. 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக நாள்கணக்கில் வீதியில் இருந்தார்களே, அந்த மணலில் தேடப்படும் பொருள்களில் ஒன்று இதுதான். நம்மூர் வெள்ளை வானைக் கீறுகிற மணலுக்குள்ளேயே வெள்ளைப் பெயின்றின் மூலப்பொருளும் இருக்கிறது.

உப்பு கீறுவதில்லை, ஒட்டவைக்கிறது

சோழகக் காற்று வீசும் மாதங்களில் தீவில் வாழ்பவர்களுக்கு இது தெரியும். தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 சுழலிகளைச் சுற்றுகிற அதே காற்று, கடலின் உப்புத் துளிகளையும் கரையின் மணலையும் சேர்த்து நம் முற்றத்துக்குக் கொண்டுவருகிறது.

உப்புப் பளிங்கு மென்மையானது, தண்ணீரில் கரைந்துவிடும். அதனால் கீறலுக்கு உப்பு நேரடிக் குற்றவாளி அல்ல. ஆனால் காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். அடுப்படியில் உப்புப் போத்தல் கசிவதும் இதனால்தான். இரவில் காரின்மேல் இருக்கும் உப்புப் படலம் இப்படி ஈரமாகி, விழும் மணலைப் பிடித்துக்கொள்கிறது. விடிந்து வெயில் பட்டதும் காய்ந்து, மணலைப் பெயின்றோடு ஒட்டிவைத்துவிடுகிறது.

அந்த நேரத்தில் நான் பெனியன் துண்டோடு போய்த் துடைத்திருக்கிறேன். அது துடைப்பதல்ல, அரத்தாள் போடுவது.

தொடுவதற்கு முன் தண்ணீர்

ஆக, மன்னாரில் கார் கழுவுவதன் முழு விதியும் ஒன்றுதான்: மணலைத் தண்ணீர் எடுக்கவேண்டும், துணி எடுக்கக்கூடாது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருபவை.

நிழலில், தகடு ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். காலையில் வெயில் ஏறுமுன் அல்லது மாலையில். சூடான தகட்டில் சவர்க்கார நுரை உடனே காய்ந்து கறையாகும்.

முதலில் ரயர்களையும் மட்காட்டின் உட்பக்கத்தையும் கழுவுங்கள். தாம்போதியைக் கடந்து வந்திருந்தாலும், கரைவாடிக்குப் போய் வந்திருந்தாலும் அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடிப்பது கட்டாயம். மீன் ஏற்றுபவர்கள் பெட்டியிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் தேங்கும் மூலைகளையும் பார்க்கவேண்டும். இதற்குப் பாவித்த துணியை மேலே பாவிக்கவே கூடாது.

அடுத்தது கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீர் ஊற்றுவது. துணி வேண்டாம், கையும் வேண்டாம். உப்புக் கரைந்து மணல் தளர ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு மறுபடி ஊற்றுங்கள். காலடியில் ஓடும் தண்ணீரில் மணல் போவதைப் பார்க்கலாம். அந்த ஒவ்வொரு மணியும் நீங்கள் தவிர்த்த ஒரு கீறல்.

இதன் பின்னர்தான் சவர்க்காரம். இரண்டு வாளி தேவை. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறுந்தண்ணீர். ஒரு பகுதியைத் துடைத்ததும் துணியை வெறுந்தண்ணீரில் அலசி, பிழிந்து, அதன் பின்னரே ஷாம்பு வாளிக்குள் விடவேண்டும். அலசும் வாளியின் அடியில் பழைய பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டொன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மணல் துளைகளுக்குள்ளால் கீழே இறங்கிவிடும். துணி அதைத் திரும்பக் கிளறாது. கடையில் இதற்கென்று விற்கும் வலைத்தட்டின் வேலையை இது செய்கிறது.

துணி என்றால் மயிர்போல் நீண்ட இழைகள் உள்ள மைக்ரோபைபர் துணி அல்லது கையுறை. மணல் இழைகளுக்கிடையில் உள்ளே போய்விடும். ஸ்பொஞ்சின் முகம் தட்டையானது. மணலைப் பெயின்றுக்கு எதிராகவே பிடித்துவைக்கும். கூரை, கண்ணாடி, பொனற், கதவின் மேற்பாதி என்று மேலிருந்து இறங்குங்கள். கதவின் கீழ்ப்பாதி கடைசி. அழுத்தவேண்டாம், நேர்கோட்டில் இழுத்தால் போதும். துணி நிலத்தில் விழுந்தால் அன்றைக்கு அந்தத் துணியின் வேலை முடிந்தது.

தவிர்க்கவேண்டியவையும் உண்டு. உடுப்புக்குப் போடும் சவர்க்காரத் தூள் மெழுகுப் பூச்சை உரித்துவிடும். தும்புத் தூரிகை நிலம் தேய்க்க மட்டும். மினுக்கத்துக்கு மண்ணெண்ணெய் பூசும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது இறப்பர்களைக் கெடுப்பதோடு, எண்ணெய்ப் பிசுக்கில் அடுத்த நாள் மணல் இரட்டிப்பாக ஒட்டும். காகம் எச்சமிட்டிருந்தால் சுரண்டாதீர்கள். நனைத்த துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு, ஊறியபின் தூக்கி எடுங்கள்.

காரைத் தறப்பாளால் மூடினால் பாதுகாப்பு என்று நினைப்பதும் இங்கே சரிவராது. மணல் படிந்த காரை மூடினால், காற்றில் தறப்பாள் அடித்து அடித்து இரவு முழுக்கத் தேய்க்கும். ஓலைக் கொட்டகையே மேல்.

காயவைப்பது பாதி வேலை

எங்கள் கிணற்றுத் தண்ணீரை வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் பொட்டுகள் மிஞ்சும். தண்ணீர் ஆவியாகிறது, அதிலிருந்த சுண்ணாம்பும் உப்பும் பெயின்றில் தங்கிவிடுகின்றன. அதைச் சுரண்டப் போய்த்தான் அடுத்த கீறல் விழுகிறது.

ஹோஸின் முனையைக் கழற்றிவிட்டு மெதுவாகத் தண்ணீரை ஓடவிட்டால், அது ஒரு படலமாக வழிந்து பெரும்பகுதி ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகும். மிச்சத்துக்கு ஒரு பெரிய மைக்ரோபைபர் துவாயை விரித்து, ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். பழைய பொட்டுகளுக்குத் தண்ணீர் கலந்த வினாகிரியை நனைத்து ஒரு நிமிடம் வைத்து, நன்றாகக் கழுவிவிடலாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால், கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது இல்லை. அதில் சுண்ணாம்பு இல்லை, பொட்டும் வராது.

துணிகளைத் தோய்த்தபின் வேலியில் போடாதீர்கள். மன்னார் வேலியில் காய்ந்த துணி மணலோடுதான் திரும்பி வரும். நான் வீட்டுக்குள் கொடியில் காயப்போடுகிறேன்.

ஹோஸை எவ்வளவு நேரம் திறக்கலாம்?

சாதாரண ஹோஸ் நிமிடத்துக்கு 10 லீற்றருக்கு மேல் தண்ணீர் விடும். கால் மணித்தியாலம் திறந்துவிட்டால் 150 லீற்றர் போய்விடும். சின்னச் சிரட்டையால் அளந்து ஊற்றி, இரண்டு வாளி முறையில் செய்தால் எனக்கு 50 லீற்றர் அளவில் முடிகிறது.

தீவில் இது சிக்கனம் பற்றிய புத்திமதி மட்டுமல்ல. மணலுக்குள் மழைநீர் ஒரு வில்லையைப் போல, கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கோட்பாட்டின்படி கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உப்புநீர் அதே கணக்கில் ஏறத் தொடங்கும். மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகள் உவராவது இப்படித்தான். உவரான தண்ணீரால் காரைக் கழுவுவது, கடற்காற்று செய்யும் வேலையை நாமே செய்துகொடுப்பது போல.

கிளியர் கோட்டும் கிணற்றின் நன்னீரும் இந்த விடயத்தில் ஒன்றுதான். இரண்டும் மெல்லிய படலங்கள். கிணற்றையாவது மழை திரும்ப நிரப்பும்.

இப்போது காலையில் நான் காரைத் துடைப்பதில்லை. முன்கண்ணாடிக்கு மட்டும் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றிவிட்டு, தூசியோடேயே போகிறேன். சனிக்கிழமை மாலை இரண்டு வாளி, ஓர் இடியப்பத் தட்டு, முக்கால் மணித்தியாலம். பழைய வளையங்கள் இன்னும் இருக்கின்றன, பொலிஷ் பண்ணவில்லை. புதியவை சேரவில்லை என்பதை நடுப்பகல் வெயிலில் அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன். பெனியன் துண்டு வீட்டுக்குள் மேசை துடைக்கப் போய்விட்டது.