மாலை போட்டாயிற்று, வாதாடியது யார்?

ஐப்பசி பிறந்ததும் கைப்பேசிக்குத் தவறாமல் வந்து சேரும் செய்தி ஒன்று உண்டு. தீபாவளி நரகாசுரன் செத்த நாளே அல்ல; எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கும் வித்தையைப் பௌத்த மடத்துத் துறவிகள் கண்டறிந்து ஊருக்குச் சொன்ன நாள்; அதனால்தான் அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம் என்று அது சொல்லும். கடைசியில் 'அயோத்திதாச பண்டிதர்' என்று பெயர் இருக்கும். பாதிப் பேர் கைகூப்பும் பொம்மையைப் போட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளுகிறார்கள். மீதிப் பேர் 'கட்டுக்கதை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவர் இதை எங்கே எழுதினார், என்ன சான்று காட்டினார், அந்தச் சான்று நிற்குமா என்று கேட்கிற ஆளைக் காணோம்.

அப்படிக் கேட்ட வாசகர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அவர்களில் பலர் கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் பாறை உடைத்துக்கொண்டிருந்தவர்கள்.

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகை வெளிவந்தது. நாலே பக்கம், விலை பெயரிலேயே இருந்தது. அடுத்த ஆண்டு 'ஒரு பைசா' உதிர்ந்து வெறும் 'தமிழன்' ஆயிற்று. ஆசிரியர் அயோத்திதாசர் சித்த வைத்தியர். 1898-இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டோடு கொழும்புக்குப் போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பி, சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியவர். 1914 மே 5-இல் இறக்கும்வரை அந்தப் பத்திரிகையை விடாமல் நடத்தினார்.

எழுதியதெல்லாம் வெடிமருந்து. பறையர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இந்த மண்ணின் பூர்வ பௌத்தர்கள் என்றார். பௌத்தத்தை வீழ்த்தியவர்களே அவர்கள்மேல் தீண்டாமையைச் சுமத்தினார்கள் என்றார். இந்தியா என்பது இந்திரர் தேசம், அந்த இந்திரர் ஐம்புலனை வென்ற புத்தர். வள்ளுவர் பௌத்தர், அவர் நூல் திரிபிடகத்தின் வழிநூல். இன்று பிராமணர் என்று சொல்லிக்கொள்பவர்கள் வேஷ பிராமணர்கள். நந்தன் கதை ஒரு தந்திரம், அரிச்சந்திரன் கதை ஒரு பொய். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர், சில சமயம் ஒரு சிறு நூல்.

இவற்றை யார் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள் என்பதில்தான் தங்கவயலின் கதை இருக்கிறது. பங்காரப்பேட்டையில் பிரியும் கிளை ரயில்பாதை மாரிக்குப்பத்தோடு முடிந்துவிடும். ஜான் டெய்லர் கம்பெனி 1880-களில் அங்கே சுரங்கம் தோண்ட இறங்கியபோது வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து கூட்டங்கூட்டமாக ஆட்கள் போனார்கள். பெரும்பாலோர் சேரியிலிருந்து கிளம்பியவர்கள். மூங்கில் தட்டியால் அடைத்த வீடுகளில்தான் குடியிருப்பு. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, சுரங்க எந்திரங்களுக்காக. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பிற்பாடு மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. பாறை வெடிப்பிலும் தூசியிலும் உயிர் போகிற வேலைதான். ஆனால் கூலி காசாகக் கைக்கு வந்தது. நெல் அளந்து போடும் பண்ணையார் இல்லை. அவர் முகம் சுளிக்குமே என்ற பயமும் இல்லை. ஊரில் இருந்திருந்தால் இந்தப் பத்திரிகையை மடியில் ஒளித்து வைத்திருப்பார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கம் கட்டிப் படித்தார்கள். எம்.ஒய். முருகேசர் போன்ற வணிகர்கள் முன்னின்றார்கள். சந்தாவும் நன்கொடையும் ராயப்பேட்டைக்குப் போயின. கூடவே கேள்விகளும் போயின. சாவுச் சடங்கை எப்படிச் செய்வது, கல்யாணத்துக்கு யாரை அழைப்பது, நீர் சொல்கிற இந்தச் சரித்திரத்துக்கு ஆதாரம் எது என்றெல்லாம் வாசகர்கள் எழுதிக் கேட்டார்கள். பண்டிதர் பத்திரிகையிலேயே பதில் சொன்னார்.

சென்னையின் பெரிய பத்திரிகைகள் கேட்கவில்லை. 'சுதேசமித்திரன்' அப்போது இருந்தது, 'இந்தியா' இருந்தது. 'தமிழன்' அவற்றை வாராவாரம் படித்து மறுப்பு எழுதிக்கொண்டிருந்தது. எதிர்த்திசையிலிருந்து வந்தது பெரும்பாலும் மௌனம்தான். இதற்கு முன்கதையும் உண்டு. 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசர் எழுந்து, எங்கள் மக்களை ஏன் கோயிலுக்குள் விடுவதில்லை என்று கேட்டார். உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்களே என்ற பொருளில் ஒரு பிரதிநிதியிடமிருந்து பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியும் தரிசு நிலமும் தாருங்கள் என்றார் அவர். இதை நாம் இன்று அறிவது அவரே எழுதிவைத்ததால். சபையில் அவமானப்பட்டவன் அதைப் பதிவுசெய்யவும் சொந்தமாக ஒரு பத்திரிகை தேவைப்பட்டது.

பண்டிதர் பூப்போல எழுதியவர் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுதேசி இயக்கத்தை அவர் நம்பவில்லை. வெள்ளைக்காரன் போனால் பழைய சாதியாட்சி திரும்பும் என்றார். 1911-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபோது, சுட்டவரைக் கண்டித்தும் செத்தவருக்காக வருந்தியும் எழுதினார். தேசபக்திப் பத்திரிகைகள் அவரைப் பேசாமல் விட்டதற்கு அதுவே போதுமான காரணம். அவர் பார்வையிலும் கோணல் இருந்தது. தாழ்த்தப்பட்டவர் வேறு, தாழ்ந்தவர் வேறு என்று ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளப்பட்டவர்களில் சக்கிலியரும் குறவரும் இருந்தார்கள். இன்றைய அருந்ததியர் எழுத்தாளர்களும் பெரியாரியர்களும் இதைச் சுட்டும்போது, 'காலத்தின் குறை' என்று தட்டிக்கழிப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. சாதியை அறுக்கப் புறப்பட்டவர் ஓரிடத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார் என்பதுதான் உண்மை.

அவர் இறந்தபின் மகன் பட்டாபிராமன் சிலகாலம் நடத்தினார். பிறகு பத்திரிகை நின்றது. அதற்கு மறுபடி உயிர் வந்தது சென்னையில் அல்ல, தங்கவயலில். 1926-இல் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து 'தமிழனை' அங்கிருந்து மீண்டும் வெளியிட்டார். 1930-களின் முதற்பாதி வரை அது ஓடியது. பௌத்தரான அவரே சுயமரியாதை இயக்கத்தின் மேடையிலும் பேசினார். தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் தொடர்களைத் தனி நூல்களாக அச்சிட்டது: 'இந்திரர் தேச சரித்திரம்', 'விபூதி ஆராய்ச்சி', 'கபாலீசன் சரித்திர ஆராய்ச்சி', 'நந்தன் சரித்திர தந்திரம்'. தலைப்பைப் பார்த்தாலே தெரியும், சமாதானமாகப் போகிற உத்தேசம் அவற்றுக்கு இல்லை. அயோத்திதாசர் என்ற பெயரைப் பல்கலைக்கழகங்கள் கேள்விப்படாத அத்தனை ஆண்டுகளும் அந்த எழுத்தை அச்சில் வைத்திருந்தது இந்தச் சுரங்க ஊர்தான்.

1990-களில் காற்று திரும்பியது. அம்பேத்கர் நூற்றாண்டு வந்தது. தலித் இதழ்கள் வந்தன. அன்பு பொன்னோவியம் பாதுகாத்து வைத்திருந்த பழைய 'தமிழன்' இதழ்கள் ஆய்வாளர் கைக்குப் போயின. ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' முதல் இரண்டு தொகுதிகளை 1999-இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. வ. கீதா, எஸ்.வி. ராஜதுரை, ராஜ் கௌதமன், ஸ்டாலின் ராஜாங்கம், டி. தருமராஜ் என்று எழுதியவர் வரிசை நீண்டது. ஜெயமோகன் அவரை முதற்சிந்தனையாளர் என்றார். உடனே ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கத் தொடங்கினார்கள். திராவிட இயக்கத்தின் முன்னோடி என்று ஒரு பக்கம், திராவிட இயக்கம் மறைத்த மனிதர் என்று மறுபக்கம். 1985-லேயே தி.பெ. கமலநாதன் கி. வீரமணிக்கு மறுப்பாக ஒரு நூல் எழுதி இந்தச் சண்டையைத் தொடங்கி வைத்திருந்தார். அப்போது அதைப் பொருட்படுத்தியவர்கள் மிகக் குறைவு.

பிறகு அரசு வந்தது. 2005-இல் அஞ்சல்தலை. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர். 2023 டிசம்பரில் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபம், சிலை. பத்திரிகைகள் எல்லாம் படத்தோடு செய்தி போட்டன. யார் திறந்தார், யார் உடனிருந்தார், செலவு என்ன என்பதெல்லாம் இருந்தன. அந்த மனிதர் என்ன சொன்னார் என்பதற்கு 'சமூகச் சீர்திருத்தவாதி', 'முன்னோடி' என்ற இரண்டு சொற்களே போதுமானவையாக இருந்தன. வேஷ பிராமணர் என்று எழுதியவர், காங்கிரஸைக் கிழித்தவர், வள்ளுவரைப் பௌத்தர் என்றவர் எல்லாம் அந்தச் செய்திகளில் கரைந்துபோனார்கள். நூறாண்டுக்கு முன்பு பேசாமல் இருந்து ஒதுக்கினார்கள். இப்போது புகழ்ந்து ஒதுக்குகிறார்கள். இரண்டிலும் அவர் எழுதியதைப் படிக்க வேண்டிய தொல்லை இல்லை.

வேறு ஊர்களில் இப்படிப்பட்ட எழுத்தை என்ன செய்தார்கள்? 1987-இல் மார்ட்டின் பெர்னால் 'பிளாக் அதீனா' முதல் தொகுதியை எழுதினார். கிரேக்க நாகரிகத்தின் வேர் எகிப்திலும் பினீசியாவிலும் இருக்கிறது, ஐரோப்பிய அறிஞர்கள் அதை மறைத்துவிட்டார்கள் என்பது வாதம். நியூஸ்வீக் 1991-இல் கிளியோபாட்ரா கறுப்பா என்று அட்டையில் கேட்டுப் பரபரப்பு மூட்டியது. ஆனால் அதோடு விடவில்லை. மேரி லெஃப்கோவிட்ஸ் முதலான அறிஞர்கள் 1996-இல் பெரிய மறுப்புத் தொகுப்பே கொண்டுவந்தார்கள். சொல்லுக்குச் சொல், கல்வெட்டுக்குக் கல்வெட்டு எடுத்து வாதாடினார்கள். பெர்னாலின் பல முடிவுகள் அடிபட்டன. ஐரோப்பியப் படிப்பில் இனச்சாய்வு இருந்தது என்ற பகுதியைப் பலரும் ஏற்க வேண்டி வந்தது. ஒருவரை மதிப்பது என்றால் இதுதான்.

நம்மூரிலும் எடுத்துக்காட்டு உண்டு. தீண்டப்படாதார் முன்னாள் பௌத்தர்கள் என்று அம்பேத்கரும் 1948-இல் எழுதினார். ஆனால் ஆதாரச் சங்கிலியில் கண்ணி அறுந்த இடத்தில் ஊகத்தைப் பயன்படுத்துகிறேன் என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். படிப்பவன் எங்கே காலூன்றலாம், எங்கே தயங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அயோத்திதாசர் அப்படிச் சொல்வதில்லை. பெருந்திரட்டு, முன்கலை திவாகரம் என்று ஓலைச்சுவடிகளிலிருந்து பாட்டை எடுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அவற்றில் சில இன்று அச்சிலுள்ள எந்த நூலிலும் அகப்படுவதில்லை.

தீபாவளி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பண்டிதர் சொல்லும் எள்ளெண்ணெய்க் கதைக்கு அவருக்கு வெளியே ஒரு சான்று வேண்டும். கல்வெட்டோ இலக்கியமோ எதுவும் கைகொடுக்கவில்லை. ஆனால் இது பழைய அவைதிகப் பண்டிகை என்ற அவர் சந்தேகத்தை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. சமணர்கள் அந்த நாளை மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள், மயிலை சீனி. வேங்கடசாமி 'சமணமும் தமிழும்' நூலில் அதை வைத்தே வாதிட்டார். ஆக, கதை நிற்கவில்லை, கேள்வி நிற்கிறது. இவ்வளவையும் எழுத அரைப் பக்கம் போதும்.

குறள் விஷயம் இன்னும் சுவையானது. ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன்தான் குறள், நாலடியார் ஏடுகளை சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார், அதிலிருந்துதான் அவை அச்சேறின என்று அயோத்திதாசர் எழுதினார். இன்றைய கட்டுரைகள் பலவற்றில் இது ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. 1812-இல் வந்த முதல் அச்சுக் குறளின் முகப்பில் இருப்பது தஞ்சை ஞானப்பிரகாசன் பெயர். கந்தப்பன் பெயர் இல்லை. ஆனால் அதே பதிப்பில் குறளோடு நாலடியாரும் சேர்ந்து வந்திருக்கிறது. எல்லிஸ் குறளில் தோய்ந்தவர் என்பதும் தெரிந்ததே. எனவே பண்டிதர் சொன்னது நடந்திருக்கலாம். நடந்தது என்று அடித்துச் சொல்ல இது போதாது. பட்லர் பெயரை எந்தக் காலத்து முகப்பில் போட்டார்கள் என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் அதுவும் நியாயம்தான். இப்படி இழுத்துப் பேசுவதற்கு இடம் தருகிற எழுத்தை வாழ்த்துச் செய்தியாகச் சுருக்குவது எவ்வளவு பெரிய நஷ்டம்.

தங்கவயலுக்கு வருவோம். 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கங்களை மூடியது. மிஞ்சியவை சயனைடு மேடுகளும் லைன் வீடுகளும், விடிகாலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயில் கூட்டமும். 2018-இல் ஒரு கன்னடப் படம் தங்கவயலின் ஆங்கிலச் சுருக்கமான கே.ஜி.எஃப். என்ற மூன்றெழுத்தை நாடெங்கும் கொண்டுபோனது. அந்தப் படத்து ஊருக்கும் இந்த ஊருக்கும் பெயர் மட்டுமே பொது. 2024-இல் வந்த பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' சுரங்கத்துக்குப் போன ஆட்களையும் புத்தரையும் ஒன்றாகத் திரையில் வைத்தது. அதைப் பற்றி வந்த விமர்சனங்களில் விக்ரமின் உழைப்புக்குக் கிடைத்த இடத்தில் கால்பங்குகூட மாரிக்குப்பத்துப் பௌத்த சங்கத்துக்குக் கிடைக்கவில்லை. சங்கம் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். குடியரசுக் கட்சியையும் அ.தி.மு.க.வையும் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அது. அரசியல் பேச அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த மே மாதம் பண்டிதரின் பிறந்தநாள், நினைவுநாள் வரும்போது சிலைக்கு மாலை போடும் படத்தைச் சிறிதாக்குங்கள். அவர் சொன்ன ஏதாவது ஒன்றை எடுத்து, ஏற்பவர் ஒருவரையும் மறுப்பவர் ஒருவரையும் எழுதவிட்டு எதிரெதிர்ப் பக்கத்தில் அச்சிடுங்கள். வாசகர்களே, ஐப்பசியில் அந்த எள்ளெண்ணெய்ச் செய்தி மறுபடி வரும். அனுப்பியவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'தமிழன்', எந்த ஆண்டு, எந்தத் தேதி இதழ்?