மருத்துவப் படிப்புக்கு முதற்படி

எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்ததும் கூலாய் வட்டாரத் தோட்டக் குடும்பங்களில் ஒரு வினா எழுகின்றது: பிள்ளையை மருத்துவராக்க எக்கல்லூரிக்கு அனுப்புவது? அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு, போட்டியோ மிகுதி. தனியார் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு மருத்துவப் படிப்புக்கு மூன்று லட்சம் வெள்ளிக்கு மேலும் செலவாகக்கூடும். ஆதலின், முந்திய ஆயத்தப் படிப்பிலேயே கையிருப்பைக் கரைத்துவிடலாகாது.

தங்காக்கிலுள்ள ஜொகூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி போன்ற அரசாங்கக் கல்லூரிகளில் ஓராண்டில் ஆயத்தப் படிப்பு முடியும். எஸ்.பி.எம். தேர்வில் பத்து 'ஏ' பெறுவோர் எவ்வினத்தவராயினும் மெட்ரிகுலேஷனில் இடமுண்டென 2024இல் அரசாங்கம் அறிவித்தது. இடம் கிட்டாதோர் ஆறாம் படிவத்தைத் தாழ்வாக எண்ணுதல் தவறு. மூன்று பருவங்களில் முடியும் எஸ்.டி.பி.எம். சான்றிதழை உள்நாட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. மருத்துவத்திற்கு உயிரியல், இரசாயனம் ஆகியவற்றோடு பௌதிகம் அல்லது கணிதத்திலும் 'பி'க்குக் குறையாத தேர்ச்சி வேண்டும். தனியார் கல்லூரியின் அடிப்படைப் படிப்போ பெரும்பாலும் அக்கல்லூரியிலும் வேறு சிலவற்றிலும் மட்டுமே செல்லுபடியாகும். பணம் கட்டுமுன் இதனை எழுத்து மூலம் கேட்டறிதல் நலம்.

பட்டப்படிப்புக்கு 1997இல் அமைக்கப்பெற்ற பி.டி.பி.டி.என். கடன் உதவும். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த ஊழியர் சேமநிதியும் உண்டு. ஆயினும், 2024 மே முதல் மாதச் சந்தாவில் 15 விழுக்காடே கல்விக்கு எடுக்கக்கூடிய செஜாத்திரா கணக்கிற்குச் செல்கின்றது. அதனைக் கோரும்போது பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், கட்டண விவரம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.