புரிஞ்சுதா? புரிஞ்சுது சார்!

ஆசிரியர்–மாணவர் ‘அதிகார இடைவெளி’ பற்றி வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே சந்தேகம்: பயம் விட்டுப்போனால் படிப்பு வருமா?

மரியாதை வேறு, அதிகார இடைவெளி வேறு. தப்பாகச் சொன்னால் என்ன ஆகுமோ என்ற யோசனை பிள்ளையின் வாயை அடைக்கிறதே, அதுதான் விஷயம். பண்பாட்டு ஆய்வாளர் கீர்த் ஹாஃப்ஸ்டெட் இந்த இடைவெளிக்கு நாடுவாரியாக மதிப்பெண்ணே போட்டார் (எண் கூடினால் இடைவெளி கூடுதல்): இந்தியாவுக்கு 77, ஆஸ்திரியாவுக்கு 11. மூலக் கணக்கு ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்தது, வகுப்பறையில் அல்ல.

வகுப்பறையில் நடப்பதைப் பாருங்கள். பாடம் முடிந்ததும் ஆசிரியர், ‘புரிஞ்சுதா?’ என்கிறார். ‘புரிஞ்சுது சார்’ என்று நாற்பது குரல் ராகம் போட்டு வருகிறது. கடைசி பெஞ்சுக்காரன் உதட்டை மட்டும் அசைக்கிறான். ‘இல்லை’ என்றால் அவன் ஒருவன் மட்டும் எழுந்து நிற்க வேண்டும். ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். அவருக்கு உண்மை தெரிவது பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான். பிள்ளைக்கு நஷ்டம் இன்னும் பெரிது: தனக்கு எந்த இடத்தில் தடுக்கிறது என்று பார்க்கும் பழக்கமே வராமல் போகிறது.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை உட்கார்ந்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. மூன்று விநாடி காத்திருக்கப் பழக்கியதும் பதில்கள் நீண்டன, பிள்ளைகளே கேள்வி கேட்டார்கள், ‘மந்தம்’ என்று ஒதுக்கப்பட்டவர்களும் பேசினார்கள். காசு செலவில்லாத வைத்தியம். அதனால்தானோ என்னவோ எந்தத் திட்டத்திலும் பெரிதாக இடம்பெறுவதில்லை!

இடைவெளியைக் குறைக்கும் முயற்சி நம்மூரிலும் நடந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி முறையைப் பார்த்து வந்தது. ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். கரும்பலகை அவர்கள் உயரத்துக்கு இறங்கியது. பாட அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொண்டது. ‘குழந்தை மையக் கல்வி’ என்றார்கள். ஆனால் எந்த அட்டைக்குப் பிறகு எது என்ற ஏணி மேலிருந்தே வந்தது.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்.

பிரம்பு? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடுக்கிறது.

‘ப’ வடிவில் பெஞ்சு போட்டால்? பெஞ்சு திரும்பினால் போதாது, கேள்வியும் திரும்ப வேண்டும்.

இடைவெளி கூடினால் மதிப்பெண் குறையுமா? ஹாஃப்ஸ்டெட் கணக்கில் 74 வாங்கிய சிங்கப்பூர், 2022 பிசா தேர்வின் மூன்று பாடங்களிலும் முதலிடம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘புரிஞ்சுதா’வை விட்டு, ‘எந்த இடம் புரியலை?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணுங்கள்.