ஜாஸ் மேடையில் நம் மிருதங்கம்

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகிற்கு அளித்த இசை. அம்மேடையில் மிருதங்கத்திற்கு என்ன வேலை என்பீர்கள். விடை நம் பெங்களூரிலேயே உள்ளது.

1964-இல் இங்குத் தோன்றிய 'கர்நாடகா காலேஜ் ஆப் பெர்கஷன்' என்னும் தாளவாத்தியப் பள்ளியின் குழு, டி.ஏ.எஸ். மணியின் மிருதங்கத்துடனும் ஆர்.ஏ. ரமாமணி அம்மையாரின் குரலுடனும் ஐரோப்பிய ஜாஸ் விழாக்களுக்குச் சென்றது. அமெரிக்க சாக்ஸபோன் வித்வான் சார்லி மரியானோவுடன் 1983-இல் 'ஜோதி' என்னும் இசைத்தட்டையும் பதிவு செய்தது. கடமும் கஞ்சிராவும் கொன்னக்கோலும் அதில் ஒலிக்கின்றன. இரு இசைக்கும் மனோதர்மமே உயிரன்றோ!

'இந்தத் தட்டல் சோறு போடுமா?' என்று பிள்ளைகளின் மிருதங்கப் பாடத்தை நிறுத்தும் பெற்றோர் நம் அல்சூரிலும் உளர். இரயில்வே குமாஸ்தா சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நாமும் அக்கவலையை அறிவோம். ஆயினும் அன்பர்களே, நிறுத்துமுன் அக்குழு சென்ற தொலைவைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.