கணினிக்குள் ஒரு விருந்தினர்

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. அண்டையிலுள்ள பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. அவ்வெல்லையூர்களில் பள்ளி செல்லும் தமிழ்ப் பிள்ளைகளும், கேரள அரசுப் பள்ளிகளின் முறைப்படி, லினக்ஸிலேயே கணினிப் பாடம் கற்கின்றனர். வீட்டுக் கணினி விண்டோஸாயின், விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளால் அதனுள் லினக்ஸ் கணினியொன்றை அமைக்கலாம். இதுவே மெய்நிகர் கணினி. வேறு மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கும் இம்முறை உதவும்.

இணையம் வராவிடில் உட்கணினியைக் கலைத்துப் போடுதல் வேண்டா. வெளியிலிருந்து உள்ளே ஆராய்வோம். கண்ணாடியிழைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழை மடங்கியுள்ளதா எனப் பார்த்தபின் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டியதுதான். விண்டோஸின் முகவரி 169.254 எனத் தொடங்கினால், ரூட்டர் முகவரி வழங்கவில்லை. ரூட்டரை அணைத்து மீண்டும் இயக்கலாம். (நாம் எல்லோரும் முதலில் செய்வது அதுதானே!)

விண்டோஸில் இணையம் வந்தும் லினக்ஸில் வராவிடில், விர்ச்சுவல்பாக்ஸின் வலை அமைப்பில் கேபிள் இணைப்புக் குறி இடப்பட்டுள்ளதா எனக் காண்க.

'நேட்' அமைப்பில் உட்கணினி விருந்தினர் போன்றது. அதன் முகவரி பெரும்பாலும் 10.0.2.15. வீட்டுக்காரர் முகவரியிலேயே அது கடிதம் எழுதும். மறுமொழியும் அவர் வழியே வரும். ஆகவே இணையப் பக்கங்கள் திறக்கும். பக்கத்து அறைக் கணினி மட்டும் அதனை நேரே அழைக்க இயலாது. இது பழுதன்று. அழைத்தே தீரவேண்டுமாயின் 'பிரிட்ஜ்' அமைப்புக்கு மாற்றலாம். ரூட்டரே அதற்குத் தனி முகவரி தரும். வைஃபையில் இது பலவேளை பொய்க்கும். தன்னிடம் பதிந்த கருவியின் அடையாளத்தையன்றி வேறொன்றை ரூட்டர் ஏற்காததே காரணம். அப்போது கம்பியால் இணைத்துப் பார்க்கலாம். பள்ளிப் பாடத்துக்கு மட்டுமெனில் நேட் அமைப்பே போதும்.