நெட்வொர்க் தொடங்கியதும் தானே இயங்கும் ஸ்கிரிப்ட்

டெபியன் லினக்ஸில் ஈடிசி டைரக்டரிக்குள் நெட்வொர்க் என்ற டைரக்டரி உண்டு. அதிலுள்ள இஃப்-அப்.டி டைரக்டரியில் வைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட், நெட்வொர்க் இணைப்பு தொடங்கியதும் தானாக இயங்கும். இஃப்-டவுன்.டி டைரக்டரியில் வைத்தால், இணைப்பு நிறுத்தப்படும் முன் இயங்கும்.

அக்கா திருமணப் படங்களை வீட்டிலுள்ள இன்னொரு கம்ப்யூட்டரில் பேக்கப் எடுக்க இப்படியொரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். சில மாதங்களில் ஹார்ட் டிஸ்க் பழுதானது. பேக்கப்பைத் திறந்தால் காலி! ஃபைல் பெயரின் இறுதியில் ".எஸ்ஹெச்" என்று கொடுத்திருந்தேன். பெயரில் புள்ளி இருந்தால் டெபியன் அந்த ஸ்கிரிப்டை இயக்காது. பிழைச் செய்தியும் தராது.

எனவே பெயரில் ஆங்கில எழுத்து, எண், ஹைபன், அண்டர்ஸ்கோர் மட்டும் வையுங்கள். சிஹெச்மோட் கட்டளையால் இயக்கும் அனுமதி கொடுங்கள். பிறகு ரன்-பார்ட்ஸ் கட்டளையை டெஸ்ட் ஆப்ஷனுடன், அந்த டைரக்டரியின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். திரையில் உங்கள் ஃபைல் பெயர் தெரிந்தால்தான் அது இயங்கும்.